காயலாங்கடைத் தராசில் மருமகள்

ஒரு மனிதரின் நலனைக் காக்க நடவடிக்கை தேவையா இல்லையா என்பதை எந்தக் கருவி காட்டும் அளவை வைத்துத் தீர்மானிக்கிறார்களோ, அந்தக் கருவி உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். எடையளவுச் சட்டம் சொல்வதன் சாரம் இதுதான். காய்கறிக் கடைத் தராசுக்கும் பெட்ரோல் பங்குக்கும் மட்டும்தான் முத்திரை என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். துறையில் என்னோடு வேலை பார்த்தவர்களிலும் பலர் அப்படி நினைத்தபடியே ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார்கள். நான் அந்த வாசகத்தை முழுதாகப் படித்தவன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்தேன். கடை கடையாக ஏறித் தராசைச் சோதிப்பதும், சரியாக இருந்தால் ஈயத்தில் முத்திரை பதிப்பதும், சரியாக இல்லாவிட்டால் கடைக்காரர் கொடுக்கும் டீயைக் குடிக்காமல் எழுந்து வருவதும் என் வேலை. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. வீட்டில் நான், மனைவி, மகன், மருமகள். மகன் இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்காக வந்து, ஹாஸ்டலில் தங்கி, என் மகன் ஏறுகிற நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்ததில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

இந்தப் பக்கத்தில் நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மருமகள் அதற்குள் நான்கு கம்பெனி பார்த்துவிட்டாள். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் ஒரு நிறச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு நிறச் சட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆனி மாதம் அவள் லைனிலிருந்து சிலரை நிரந்தரத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அவள் பெயரும் இருந்தது. கைவேகம், வருகை, சூப்பர்வைசர் கருத்து எல்லாம் சரி. கடைசியாக மருத்துவப் பரிசோதனை. கம்பெனி வைத்திருந்த குறைந்தபட்ச எடை நாற்பத்திரண்டு கிலோ. இவள் நாற்பதரை. தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதி, மார்கழியில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அப்போதும் எடை வராவிட்டால், ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கம்பெனி, வேறு சட்டை.

அன்று அவள் வந்து இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அழவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

“அஞ்சாவது தடவ புதுப்பொண்ணாப் போயி நிக்க என்னால முடியாது மாமா.”

அதற்கு நான் கேட்ட முதல் கேள்வி, எடை பார்த்த தராசில் முத்திரை இருந்ததா என்பது.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பொண்ணு எலும்பும் தோலுமா வந்து நிக்குது, இவுரு தராசுக்கு சீல் கீதான்னு கேக்குறாரு. முப்பது வருசமா இந்த மனுசனுக்கு வேற கேள்வியே தெரியாது.”

முத்திரை இல்லை என்று மருமகள் சொன்னாள். வட்டத் தகடும் முள்ளும் உள்ள, குளியலறையில் போட்டு வைக்கிற மாதிரியான மிதி தராசாம். எனக்கு அது போதும். ஒரு பெண்ணின் நிரந்தரத்தை முத்திரையில்லாத ஸ்பிரிங் தராசு தீர்மானிக்கிறது. மறுநாள் காலையிலேயே துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். மருமகள் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் உள்ள எடைக்கருவியைச் சோதித்து, பிழை கண்டால் திருத்தி, அதில் எடுத்த அளவுகளை மறுபரிசீலனை செய்ய ஆவன செய்யுமாறு கேட்டிருந்தேன். இணையதளத்தில் போடலாம் என்று மகன் சொன்னான். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒப்புகை அட்டை வைத்துத் தபாலில் அனுப்பினேன். அட்டை ஒரு வாரத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. நடைமுறை என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

மனுவுக்குத் துணையாக ஒரு சரியான எடை இருந்தால் நல்லது என்று தோன்றியது. எங்கள் வட்டாரத்தில் நேர்மையான தராசு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் காயலாங்கடை என்பேன். காயலாங்கடைக்காரர் நல்லவர் என்பதற்காக இல்லை. கம்பெனிக்காரன் கழிவை எடைக்குப் போடும்போது பக்கத்திலேயே நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான். அங்கே தராசு பிசகினால் அன்றே கடை காலி. ஒரகடம் சாலையில் ஒரு கடைக்காரரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். பெரிய மேடைத் தராசு, மின்னணுக் காட்டி, அந்த ஆண்டின் முத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பழைய மோட்டார்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கை தன்னால் முத்திரைச் சான்றிதழ் மாட்டியிருக்கும் சுவரைக் காட்டியது. விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா சார், மருமவள எடைக்குப் போட இட்டாந்துட்டீங்களா? இரும்பு ரேட்டா, அட்டப்பொட்டி ரேட்டா?”

மருமகள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நான் காட்டியின் பூஜ்ஜியத்தைச் சரிபார்த்தேன். இருபது கிலோ எடைக்கல் ஒன்றை வைத்து அதையும் சரிபார்த்தேன். பிறகு அவளை நிற்கச் சொன்னேன். முப்பத்தொன்பது கிலோ நானூறு கிராம்.

திரும்பவும் இறங்கி ஏறச் சொன்னேன். அதே எண்தான்.

“தங்கச்சி, அந்தா கெடக்குதே மோட்டாரு, அதுவே உன்னவிட வெயிட்டு,” என்றார் கடைக்காரர்.

கம்பெனித் தராசு இவளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிக் காட்டியிருக்கிறது. நான் கண்டுபிடிக்கப் போன பிழை இருந்தது. ஆனால் அது எங்கள் பக்கம் நின்ற பிழை. நான் எடைக்கல்லைத் திரும்ப எடுக்கப் போவதைப் பார்த்து மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

“ஆளு ஏறுததுக்கு முன்னாலயே அந்த முள்ளு ஒரு கோடு தள்ளித்தான் நிக்கும் மாமா. எல்லாருக்கும் ஒரு கிலோ சும்மா கெடைக்கும்.”

அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க சீல் இருக்கான்னு மட்டுந்தான கேட்டிய.”

மனுவைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது. தராசிலிருந்து இறங்காமலே கேட்டாள்: “எழுதிப் போட்டாச்சா? இருந்த அந்த ஒரு கிலோவையும் புடுங்கிக் குடுத்துட்டியளே மாமா.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

மனுவைத் திரும்பப் பெறலாமே என்று மகன் கேட்டான். பெறலாம்; அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதம் எந்த மனுவைப் பற்றியது என்று ஒருவர் எழுந்து தேடுவார். தேடினால் கிடைக்கும், கிடைத்தால் படிப்பார், படித்தால் ஒருவருக்கு ஆர்வம் வந்துவிடும். யாரும் படிக்காத மனுவைப் போலப் பாதுகாப்பான இடம் அரசாங்கத்தில் வேறு கிடையாது. ஆகவே அதைத் தொடாமல் விடுவதென்று முடிவு செய்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் தாமதத்தைக் கண்டித்துக் குறிப்பு எழுதியவன், பதில் மார்கழி வரை வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வாசலில் தபால்காரர் வண்டிச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தேன்.

மருமகள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள். கம்பெனி முள் எங்கே நின்றாலும் தனக்குக் கவலையில்லை, காயலாங்கடைத் தராசில் நாற்பத்திரண்டு காட்ட வேண்டும் என்றாள். அதில் வந்துவிட்டால் எந்தத் தராசைக் கொண்டுவந்து வைத்தாலும் பயமில்லை. இது சட்டத்தின் நோக்கத்துக்கு என் மனுவைவிட அருகில் இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கழுத்து வலியோடு வரும் லைன் பெண்கள். மீதிப்பேர் முதுகு வலியோடு வரும் லாரி டிரைவர்கள். முதல் நாள் அவர் ஒரு லேகியமும் கொடுக்கவில்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, சளி எல்லாவற்றுக்கும் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். உடம்பு இளைத்தது நோயாலா, வாழ்க்கையாலா என்று தெரியாமல் மருந்து கொடுக்க மாட்டாராம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. முடிவுகள் வந்தன. ரத்தம் சற்றுக் குறைவு. மற்றபடி நோய் ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை போனபோது, பசிக்கிறதா என்று கேட்டார்.

“பசிச்சா என்ன, பசிக்கலைன்னா என்ன டாக்டர். பெல்லடிச்சாச் சாப்புடுவோம்,” என்றாள் மருமகள்.

பிறகு தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று கேட்டார். அவள் விளக்கிச் சொன்னாள். லைனில் உட்கார்ந்தால் கழிப்பறைக்கு எழுந்து போக மாற்று ஆள் வந்து அந்த இடத்தில் உட்கார வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரே மாற்று ஆள். அடிக்கடி கையைத் தூக்கினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சோறு இறங்குவதில்லை. சோற்றைக் குறைத்துக்கொண்டு டீயையும் பிஸ்கட்டையும் வைத்து ஓட்டுகிறார்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் குடிநீர் பற்றியும் கழிப்பறை பற்றியும் வரும் விதிகள் எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். மூடிக்கொண்டேன்.

“அடுப்பு எரியாம இருக்கும்போது மேல மேல விறகை அடுக்கினா புகைதான் வரும்,” என்றார் மருத்துவர். “முதல்ல பசியைக் கொண்டு வருவோம். எடையை அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் சொன்னது எளிமையாகவே இருந்தது. முதல் சில வாரங்களுக்கு வெறும் வயிற்றில் டீ கிடையாது. சுக்கும் சீரகமும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன் சிறிது குடிக்க வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவில் கொறிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். மற்ற நாட்களில் குளிக்கும் முன் கை கால்களுக்கு மட்டும் எண்ணெய் தடவினால் போதும். அதன் பிறகு காலையில் கறுப்பு உளுந்துக் களி, முதல் பிடிச் சோற்றில் நெய்; பசி நன்றாக எழுந்தால் பாலில் அமுக்கராக் கிழங்குப் பொடி, பிறகு தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம். எது எவ்வளவு என்பதை அவர்தான் சொல்வார். யாரும் அன்பு மிகுதியில் கரண்டியைப் பெரிதாக்கக் கூடாது. கடைசி வாக்கியத்தை மருத்துவர் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

உளுந்தங்களி என்றதும் மருமகளின் முகம் மலர்ந்தது. அது அவள் ஊர்ச் சாப்பாடு. கருப்பட்டி எங்கள் வீட்டுக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. களி கிண்டுவதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த தகராறுகளைத் தனியாக எழுத வேண்டும். என் மனைவி கட்டி விழாமல் கிண்டுவதே திறமை என்பாள். மருமகளோ நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றாத களி களியே இல்லை என்பாள். “ஒங்க ஊர்ல களியா துன்றீங்க, எண்ணெயத்தான் துன்றீங்க,” என்று மனைவி சொன்னாலும், இரண்டாம் வாரத்திலிருந்து தன் தட்டிலும் குழி பறித்துக்கொண்டாள்.

ஆனால் ஆவணி முடிந்தும் எடை நகரவில்லை. ஞாயிறுதோறும் காயலாங்கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தராசிலிருந்த அலுமினியத்தை இறக்கி வைத்து, துணியால் துடைத்து வைப்பார். ஒரு வாரம் நூறு கிராம் ஏறியது. அடுத்த வாரம் அதுவும் போய் இன்னும் கொஞ்சம் இறங்கியது. “சார், நம்ம தராசு மேல சந்தேகம்னா ஆபீசுல எழுதிக் குடுங்க,” என்றார். அவருக்கு மனு விவகாரம் முழுதாகத் தெரியாது. மனைவி சிரித்த சிரிப்பில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

தவறு எங்கே என்று மருத்துவரிடம் போய்க் கேட்டோம். அவர் ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். காலை என்று மருமகள் தொடங்கியதும், எந்த வாரத்துக் காலை என்று கேட்டார். அங்கேதான் பிடிபட்டது. அவளுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட். இரவு ஷிப்ட் வாரத்தில் அவள் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வருவாள். மருத்துவர் காலையில் களி என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலும் காலை என்றால் காலைதான். விடிய விடிய வேலை பார்த்துக் கண் சொருகி வருகிறவளுக்கு என் மனைவி ஒரு தட்டு நிறையக் களி, மேலே நெய், பக்கத்தில் இரண்டு இட்லி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவள் மறுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். மாலையில் எழுந்தால் வயிறு கல்லாக இருக்கும். அடுத்த வேளை சாப்பாடு ஓடிப்போகும். பகல் ஷிப்டில் சேர்த்ததை இரவு ஷிப்டில் தொலைத்துக்கொண்டிருந்தாள்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் மெல்லிய அரிசிக் கஞ்சி மட்டும், ஜன்னலை மூடி நல்ல இருட்டில் தூக்கம், எழுந்த பிறகுதான் களி என்று மருத்துவர் மாற்றிச் சொன்னார். என் மனைவியால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

“ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு வர்ற பொண்ண, கஞ்சி குட்சிட்டுப் போயி படுன்னு சொன்னா, பாக்குறவங்க என்னை இன்னா சொல்லுவாங்க? மாமியாக்காரி சோறு போடலன்னு சொல்ல மாட்டாங்களா?”

எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருந்தது. எங்கள் வீட்டைச் சுற்றி இப்போது வாடகை அறைகள். காலையில் பஸ் இறங்கி வரும் பெண்கள் வாசலைக் கடந்துதான் போவார்கள். என் மனைவி அவர்கள் கண்ணில் படும்படிதான் மருமகளுக்குத் தட்டு வைப்பாள். நல்ல மாமியார் என்ற பெயருக்கு அந்த ஏழரை மணித் தட்டு முக்கியம். இதற்கு மருத்துவரிடம் மருந்து இல்லை. என்னிடம் இருந்தது. சுற்றறிக்கை.

உட்கார்ந்து எழுதினேன். இதில் சூரிய உதயம் என்று வரும் இடங்களிலெல்லாம் மருமகள் கண்விழிக்கும் நேரம் என்று பொருள் கொள்ள வேண்டும். காலை உணவு என்பது கண்விழித்த பின் உண்ணும் முதல் உணவு; அது மாலை மூன்று மணியாக இருந்தாலும் காலை உணவே. இரவு உணவு என்பது உறங்கும் முன் உண்பது; அது லேசாக இருக்க வேண்டும். ஏழரை மணித் தட்டு, தேவையெனில், மாமனாருக்கு வைக்கப்படலாம். மருத்துவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மனைவிக்குக் கடைசி விதி பிடித்திருந்தது. வாசலைக் கடக்கிறவர்களுக்குத் தட்டு தெரியும். யார் சாப்பிடுகிறார்கள் என்று நின்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

அதிலிருந்து நகர ஆரம்பித்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மருமகள் ஒரு நாள் தானாகவே எழுந்து வந்து, என்ன சமைத்திருக்கிறீர்கள் என்று அத்தையைக் கேட்டாள். பசி வந்துவிட்டது என்று அன்று தெரிந்தது. அதன் பிறகுதான் மருத்துவர் நெய்யைக் கூட்டினார். எள்ளுருண்டை, ஊறவைத்த பேரீச்சை, நேந்திரம்பழம், தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சி என்று ஒவ்வொன்றாக வந்தன. படுக்கும் முன் பாலில் அமுக்கராப் பொடி. அந்த வாசனை குதிரை லாயம் மாதிரி இருக்கிறதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். ஆனால் பஸ் கிளம்பும்போது ஹாரன் அடித்தாலும் விழிக்காத தூக்கம் வந்தது என்று மகன் சொன்னான். உடற்பயிற்சியும் வேண்டும் என்றார் மருத்துவர். வெறும் கொழுப்பு ஏறினால் போதாது, தசை வேண்டுமாம். மாடிப்படியில் ஏறி இறங்குவது, தண்ணீர் குடத்தைத் தூக்குவது என்று அவள் வீட்டிலேயே ஏதேதோ செய்தாள்.

தண்ணீர்ப் பிரச்சினையை அவளே தீர்த்துக்கொண்டாள். அவள் வரிசையில் இருந்த பெண்கள் கூடிப் பேசி, மாற்று ஆள் ஒவ்வொருவரிடமும் முறை வைத்து வருவது என்று ஏற்பாடு செய்தார்களாம். கையைத் தூக்க வேண்டியதில்லை. முறை வந்தால் எழுந்து போகலாம். சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். வேலை குறையாததைப் பார்த்து விட்டுவிட்டார். எந்த விதியையும் யாரும் மேற்கோள் காட்டவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. பட்சணத்தோடு தீபாவளி லேகியமும் கிண்டினாள் மனைவி. மருமகளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மீதியை யார் சாப்பிட்டார்கள் என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காயலாங்கடைத் தராசு காட்டியது. கடைக்காரர் விளையாட்டாக என்னையும் ஏறச் சொன்னார். ஏழரை மணித் தட்டும், மீந்த களியும், மிஞ்சிய நெய்யுமாக நான் மூன்று கிலோ ஏறியிருந்தேன். “மாமா நெரந்தரம் ஆயிட்டாவ,” என்றாள் மருமகள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் செய்த முதல் கிண்டல் அது. அதற்காக இன்னும் ஒரு கிலோ ஏறியிருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அவள் அன்று நாற்பத்தொன்று காட்டினாள்.

இதற்கு நடுவில் தபால்காரர் இரண்டு முறை எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். ஒன்று காப்பீட்டுக் கடிதம். மற்றொன்று பக்கத்து வீட்டுக்கு வந்தது. இரண்டு முறையும் மருமகள் சமையலறை ஜன்னலிலிருந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லையென்று தலையை ஆட்டினால் உள்ளே போய்விடுவாள். துறையில் வேலை செய்யும் பழைய சகா ஒருவர் எங்காவது எதிர்ப்பட்டால், நலம் விசாரித்துவிட்டு உடனே விலகிக்கொண்டேன். என்ன மனு ஏதும் போட்டீர்களா என்று அவர் கேட்டுவிட்டால், அதுவே அதைத் தேட வைத்துவிடும்.

கார்த்திகை மழையில் அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்து அரைக் கிலோ போனது. வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மனைவிதான் கலங்காமல், போனது போகட்டும், பசி போகவில்லை அல்லவா என்றாள். அது உண்மைதான். காய்ச்சல் விட்ட மறுநாளே அவள் ரசத்துக்குக் கை நீட்டினாள். இரண்டு வாரத்தில் போனது திரும்பிவிட்டது, கூடவும் வந்தது. எடையைவிடப் பழக்கம்தான் முக்கியம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததன் பொருள் அப்போது எனக்கு விளங்கியது. ஏற்றி நிறுத்தினால் இறங்கும். பழக்கினால் தானே வந்து நிற்கும்.

மார்கழியில் மறுபரிசோதனைக்கு அழைத்தார்கள். முந்தைய நாள் மாலை காயலாங்கடைக்குப் போனோம். அன்று கடைக்காரர் கிண்டல் செய்யவில்லை. பூஜ்ஜியத்தை அவரே காட்டினார். நாற்பத்திரண்டு கிலோ இருநூறு. “போ தங்கச்சி, தைரியமா போ. அவன் தராசு பொய் சொன்னா இட்டா இங்க, நான் சொல்றேன்,” என்றார். அந்த மிதி தராசு காட்டப்போகும் கூடுதலையும் சேர்த்தால் நாற்பத்து மூன்றைத் தாண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் பகல் ஷிப்ட் முடிந்து அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரை மனைவி வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததாக மகன் பிறகு சொன்னான். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் எதிரில் வந்து நின்றாள்.

“அந்த முள்ளுத் தராச எடுத்துட்டாவ மாமா. புதுசா எலக்ட்ரானிக் வச்சிருக்காவ. ஏறுனதும் எனக்கு நெஞ்சு நின்னு போச்சு.”

யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் மனுவால் இருக்கலாம். பழையது உடைந்ததால் இருக்கலாம். புதிய தராசில் அவள் நாற்பத்திரண்டு கிலோ நூறு. கம்பெனி டாக்டர் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சும்மா கிடைக்கும் ஒரு கிலோவை நம்பி நாற்பத்தொன்றில் நின்றிருந்தால், அன்றைக்கு அவள் ஐந்தாவது கம்பெனிக்குக் கிளம்பியிருப்பாள்.

“இப்ப யாரு வேணா சோதிக்கட்டும் மாமா,” என்றாள். பிறகு உள்ளே போய், களி இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டாள்.

தை பிறந்த கையோடு நிரந்தர ஆணை கைக்கு வந்தது. புதுச் சட்டை வாங்கவில்லை. அதே சட்டைதான், அடையாள அட்டைக் கயிறு மட்டும் வேறு நிறம். வீட்டில் களி தொடர்ந்தது. சுற்றறிக்கையும் திரும்பப் பெறப்படவில்லை. ஏழரை மணித் தட்டு பற்றிய விதியை மட்டும் மருத்துவர் ரத்து செய்தார், என் சர்க்கரை அளவைக் காரணம் காட்டி. நான் மேல்முறையீடு செய்யவில்லை.

மனுவுக்குப் பதில் வரத்தான் செய்தது. அரைப் பக்கம். மேற்படி எடைக்கருவி வணிகப் பயன்பாட்டில் இல்லாததால் துறையின் வரம்புக்குள் வராது என்றும், மனு முடித்து வைக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். சட்டப்படி அது தவறு. எந்த வாசகத்தைப் படிக்காமல் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மருமகள் வாங்கிப் படித்துவிட்டு, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அந்த அவகாசம் முடிகிறவரை பேனாவை அத்தையிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள். கொடுத்தேன். அன்று மாசி மகத்துக்கு மறுநாள்.